குழாயில் தங்கிய காற்று



வீட்டைச் சூடாக்குவதைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறான் என்றால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். ஆயினும், கடல்மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில், தை மாத விடியற்காலையில் உறைபனி படிந்து தேயிலைத் தளிர் கருகிக் கிடப்பதைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்தவர்களுக்கும் அந்தக் குளிர் புதிதன்று.

ஆங்கிலேயத் துரைமார் இம்மலைகளில் பங்களாக்களைக் கட்டியபோது அறைகளில் கணப்படுப்பு வைத்தார்கள். சில பங்களாக்களில் விறகால் எரியும் வெந்நீர்க் கொதிகலனும் இருந்தது. அதன் அமைப்பு மிக எளியது. கீழே கொதிகலன், மேலே நீர்த்தாங்கி, இரண்டையும் இணைக்க இரு குழாய்கள். சூடேறிய நீர் இலேசாகி ஒரு குழாய் வழியே மேலேறும். குளிர்ந்த நீர் கனத்து மற்றக் குழாய் வழியே கீழிறங்கும். பம்பு வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை.

ஆனால், அந்த நீரை நகர்த்தும் விசை எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீரின் எடை ஏறத்தாழ 998 கிராம். 60 பாகையில் அதுவே 983 கிராம். இந்த 15 கிராம் வேற்றுமைதான் முழு ஓட்டத்தையும் நடத்துகிறது. வழியில் சிறிது காற்றுத் தங்கிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும்.

இதனை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1968ஆம் ஆண்டு, நுவரெலியாவை அடுத்த ஒரு தோட்டத்துப் பங்களாவில் என் தந்தையார் வெந்நீர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தக் கொதிகலனைக் கழற்றித் துரு நீக்கி மீண்டும் பூட்டினார்கள். அன்று மாலை குளியலறைக் குழாயில் வெந்நீர் வரவில்லை. அடுப்பிலோ தீ கொழுந்துவிட்டு எரிந்தது. கொதிகலன் 'டக், டக்' என்று அதிர்ந்தது. தாங்கியில் இருந்த நீர் மட்டும் குளிர்ந்தே கிடந்தது.

விறகு வைக்கச் சோம்பற்படுகிறான் என்று என் தந்தையாருக்கு ஏச்சு விழுந்தது. மூன்று நாட்கள் அவர் வழக்கத்தைப் போல இருமடங்கு விறகைச் சரிவில் சுமந்து வந்தார். பிறருடைய குளியலுக்காக அந்தத் தீயை வளர்த்துவிட்டு, இரவில் அவர் திரும்பி வந்த லயத்து அறையில் எங்களுக்கு இருந்ததோ புகை சூழ்ந்த ஒரே ஓர் அடுப்பு.

நான்காம் நாள் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வயதான பிற்றர் ஒருவரை அழைத்தார்கள். அவர் தீயைப் பார்க்கவில்லை. மேலேறும் குழாயை ஈரத்துணியால் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடம் வரை சுட்டது, அதற்கப்பால் குளிர்ந்திருந்தது. "அண்ணே, உங்கள் தீயில் குற்றமில்லை. வழியில்தான் குற்றம்" என்றார். பூட்டியவர்கள் குழாயை நடுவில் சற்றே உயர்த்தி வளைத்துவிட்டார்கள். அந்த மேட்டில் காற்றுத் தங்கியிருந்தது. தீயை அணைத்து, கலன் ஆறியபின் அங்கிருந்த மரையைத் தளர்த்தினார். 'உஸ்' என்று காற்று வெளியேறியது. பின்னால் நீர் வந்தது. மரையை இறுக்கி, குழாய் தொடர்ச்சியாக ஏறிச்செல்லும்படி தாங்குகட்டையை மாற்றினார்.

அப்போது ஒருவர், தாங்கிக்கு மேலே திறந்திருந்த குழாயிலிருந்து நீர் சொட்டுகிறதே, அதை அடைத்துவிடலாமா என்று கேட்டார். பெரியவர் பதறிவிட்டார். "அது இந்தக் கலனின் மூக்கு, மூக்கை அடைத்தால் உயிர் போகும்" என்றார். கொதிக்கும் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. வெளியேற வழியில்லையெனின் கலன் வெடிக்கும்.

இன்று அடுப்பின் இடத்தை மின்சாரமும் சூரிய வெப்பமும் பிடித்துவருகின்றன. ஆனால் நம் பிள்ளைகள் இலண்டனிலும் பாரிஸிலும் வாழ்கிறார்கள். அங்கே ஒரே கொதிகலனின் வெந்நீர் அறைதோறும் உள்ள ரேடியேற்றர்களுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்குகிறது. அங்கு பம்பு உண்டு. ஆயினும் காற்றின் குறும்பு அங்கும் உண்டு. சுவருக்கு வண்ணம் பூச ரேடியேற்றரைக் கழற்றி மாட்டியபின் அது சூடேறவில்லையெனின், முதலில் கொதிகலனை நிறுத்தி ஆறவிடுக. இருபுறத்து வால்வுகளும் மீண்டும் திறக்கப்பட்டனவா என்று பார்க்க. மூடிக்குள் மறைந்திருக்கும் வால்வை, கழற்றும்போது எத்தனை சுற்று மூடினோமோ அத்தனை சுற்றே திறக்கவேண்டும். மிகையாகத் திறந்தால் இந்த ரேடியேற்றரே நீரை இழுத்துக்கொள்ளும். மற்ற அறைகள் குளிரும்.

அடிப்பாகம் சுட்டு மேற்பாகம் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று உண்டு. மேலோரத்துச் சிறு திருகைச் சாவியால் மெல்லத் தளர்த்தி, நீர் வந்தவுடன் மூடுக. மேற்பாகம் சுட்டு அடி நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் அது காற்றன்று; துருச்சேறு. காற்றை விட்டபின் அழுத்தம் குறையும். மூடிய அமைப்புகளில் அழுத்தமானி, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்டவேண்டும். குறைவாயின் நீர் சேர்த்து, சேர்க்கும் குழாயை மறவாமல் மூடுக. புதுநீரோடு துருவைத் தடுக்கும் மருந்தும் சேர்க்கவேண்டும். மரைகளில் உலர்ந்த காகிதத்தை ஒற்றினால் கசிவு தெரிந்துவிடும். எரிவாயுக் கொதிகலனின் உட்பகுதியை மட்டும் நாமாகத் தொடலாகாது. அது உரிமம் பெற்றவரின் வேலை.

நேயர்களே, அன்று மாலை பங்களாவில் வெந்நீர் வந்தது. ஏசியவர் மன்னிப்புக் கேட்கவில்லை. என் தந்தையார் அதை எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் தமது தீயில் குற்றமில்லை என்று ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னதை அவர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார். வெப்பம் வரவில்லையெனின், தீ வளர்ப்பவரை ஏசுமுன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். எங்கே சூடு நிற்கிறதோ அங்கேதான் பழுது.