கருவறையில் ஒரு கண்ணாடி: ஸ்ரீ நாராயண குருவின் சீர்திருத்தப் பாதை

1888ஆம் ஆண்டு, சிவராத்திரி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நெய்யாற்றின்கரைக்கு அருகே உள்ள அருவிப்புறத்தில் ஊர்மக்கள் திரண்டிருந்தார்கள். நள்ளிரவில் நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி எழுந்தார். கையில் ஒரு கல் இருந்தது. கரையிலிருந்த பாறையையே பீடமாக்கி, அந்தக் கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார்.

தந்திரி இல்லை, கோபுரம் இல்லை, அரச அனுமதியும் இல்லை. பிரதிஷ்டை செய்தவரோ, பெரிய கோயில்களின் சுற்றுத் தெருவில்கூட நடக்கத் தடை இருந்த ஈழவ சமூகத்தில் பிறந்தவர். பிரதிஷ்டை என்பது பிராமணத் தந்திரிகளுக்கே உரியது என்றிருந்த நாட்டில், உரிமை கேட்டு அவர் யாரிடமும் போகவில்லை. செய்து காட்டினார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற பொருள்படும் வரிகளும் அங்கே பொறிக்கப்பட்டன.

காலனியக் கால இந்தியாவில் இந்து சமயச் சீர்திருத்தம் என்றதும் கல்கத்தாவின் பிரம்ம சமாஜமும் லாகூரில் வேரூன்றிய ஆரிய சமாஜமும்தான் முதலில் பேசப்படுகின்றன. அவற்றை வழிநடத்தியவர்கள் பெரும்பாலும் மேல்சாதியினர். அருவிப்புறத்தில் தொடங்கியது, கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சீர்திருத்தம். அதன் வலிமையும் சிக்கலும் அங்கிருந்தே வந்தன.

கோயிலிலிருந்து சங்கம்

1856இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த குருவுக்குத் தமிழ் அயல்மொழி அல்ல. தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். கன்னியாகுமரிக்கு அருகே மருத்துவாமலையில் தவமிருந்தார். தேவார மரபில் தமிழ்ப் பதிகம் பாடினார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்தார். சைவத் தமிழும் வேதாந்த சம்ஸ்கிருதமும் அவரிடம் ஒன்றாகக் கலந்திருந்தன.

அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் டாக்டர் பல்பு. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய பல்புவுக்குச் சொந்த சமஸ்தானம் வேலை தரவில்லை. காரணம், சாதி. மைசூர் அரசுப் பணிக்குப் போனவர், 1896இல் 13,176 பேரின் கையொப்பத்தோடு திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார். பள்ளியிலும் அரசு வேலையிலும் ஈழவருக்கு இடம் வேண்டும் என்பதே கோரிக்கை. மனுவுக்குப் பலன் கிட்டவில்லை. அமைப்பு இல்லாமல் காரியம் நடக்காது என்பது தெளிவாயிற்று.

அருவிப்புறம் கோயிலை நடத்திய சிறு குழுவே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்ற சங்கமாக வளர்ந்தது. குரு தலைவர்; கவிஞர் குமாரன் ஆசான் செயலாளர். மறு ஆண்டு 'விவேகோதயம்' என்ற இதழ் வந்தது. 1905 கொல்லம் மாநாட்டோடு ஒரு தொழிற்கண்காட்சியும் நடந்தது. கோயில், பள்ளி, பத்திரிகை, கைத்தொழில் என்று ஒன்றையொன்று தாங்கும்படி இயக்கம் வளர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்த சீர்திருத்தம்

சொந்தச் சமூகத்தைக் குரு விட்டுவைக்கவில்லை. சிறுமிகளுக்கு ஊரைக் கூட்டி நடத்தும் தாலிகெட்டுக் கல்யாணம், பூப்புச் சடங்கான திரண்டுகுளி, கருவுற்ற பெண்ணுக்கான புளிகுடி ஆகியவை குடும்பங்களைக் கடனில் தள்ளிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொன்னார். திருமணத்துக்குப் பத்துப் பேர் போதும் என்றார். கள் இறக்குவது ஈழவர் பலருக்குக் குலத்தொழில். அதையும் கைவிடச் சொன்னார். பிழைப்பையே தொட்ட அந்த அறிவுரை எல்லா வீட்டிலும் எளிதாக ஏற்கப்படவில்லை.

கோயில்களைப் பற்றிய அவர் எண்ணமும் மாறிக்கொண்டே வந்தது. 1912இல் வர்க்கலை சிவகிரியில் நிறுவிய சாரதா சன்னிதி எண்கோண வடிவம். சுற்றிலும் சன்னல்கள், உள்ளே நல்ல வெளிச்சம். நைவேத்தியமும் உற்சவமும் அங்கே இல்லை, பிரார்த்தனை மட்டுமே. 1917இல், இனிப் பள்ளிக்கூடங்களே முக்கியக் கோயில்களாக வேண்டும் என்று அறிவித்தார். திருச்சூர் வட்டாரத்துக் காரமுக்கில் சிலைக்குப் பதிலாக விளக்கை வைத்தார்.

1927இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் விக்கிரகம் வேண்டும் என்று ஒரு சாராரும், கூடாது என்று இளைஞர்களும் மோதிக்கொண்டார்கள். குரு ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் பின்புற ரசத்தைச் சுரண்டி 'ஓம் சாந்தி' என்ற எழுத்துகள் தெரியும்படி செய்து, அதையே கருவறையில் வைத்தார். தரிசிக்க வந்தவர் அங்கே தன் முகத்தையே கண்டார். வழிபடுபவனும் வழிபடப்படுவதும் வேறல்ல என்ற அத்வைதம், ஏடு படிக்காதவருக்கும் எட்டியது.

சங்கமும் சாதியும்

இந்த வரலாற்றின் கடினமான பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1916இல், யோகத்துக்குள் சாதிப் பெருமிதம் வளர்வதைக் கண்ட குரு, அதிலிருந்து மனத்தால் விலகிவிட்டதாகப் பல்புவுக்குக் கடிதம் எழுதினார். தமக்குச் சாதியில்லை என்றும் அதே ஆண்டு வெளிப்படையாக அறிவித்தார்.

மறு ஆண்டு சேறாயியில் குருவின் சீடரான சகோதரன் ஐயப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். அவரை ஊர்விலக்கம் செய்தவர்கள் ஈழவர்களே. 'புலையன் ஐயப்பன்' என்ற வசைப்பெயரை அவர் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். குரு ஐயப்பனின் பக்கம் நின்றார். தாழ்ந்தவர் எனப்பட்டவர் தமக்கும் கீழே ஒருவரை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடைக்காத சீர்திருத்தம் பாதிவழியில் நின்றுவிடும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1924இல் ஆலுவா ஆசிரமத்தில் குரு கூட்டிய சர்வமத மாநாட்டுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதாடி வெல்ல அல்ல, அறியவும் அறிவிக்கவும் என்பதே அதன் நோக்கம். அதே ஆண்டு, கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்கான வைக்கம் போராட்டம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்ட அந்தப் போராட்டத்துக்குக் குரு ஆயிரம் ரூபாய் நன்கொடை அளித்தார். வைக்கத்தில் இருந்த தம் மடத்தையும் தொண்டர்கள் தங்க விட்டுக்கொடுத்தார்.

1928 செப்டம்பர் 20இல் குரு மறைந்தார். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் அரசின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

கோயில் வாசலைப் பற்றிய கேள்வி அத்தோடு ஓயவில்லை. 2024 டிசம்பர் இறுதியில், ஆண்கள் மேலாடை களைந்துதான் கோயிலுக்குள் போக வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிடும்படி சிவகிரி மடத்தின் தலைவர் கேட்டுக்கொண்டார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் அது என்பது அவர் வாதம். ஆதரவும் எதிர்ப்பும் உடனே எழுந்தன. குருவின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு கோயிலும், ஒவ்வொரு சாதிச் சங்கமும் இந்த விவாதத்தில் தன் நிலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1916ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு அவர்கள் இன்னும் பதில் எழுதவில்லை.