இணைய விளம்பரமும் பாலியல் தொழிலாளர் உரிமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

பாலியல் தொழில் என்றதும் கொல்கத்தாவின் சோனாகாச்சியும் மும்பையின் காமாட்டிபுராவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அத்தொழிலின் ஒரு பகுதி இன்று கைபேசிக்கு இடம் மாறிவிட்டது. விளம்பரத் தளங்கள், சமூக ஊடகக் கணக்குகள், சொந்த இணையப் பக்கங்கள் வழியாக வாடிக்கையாளரைத் தேடும் பெண்களும் திருநங்கைகளும் பெருநகரங்களில் உள்ளனர். இதை ஒழுக்கக்கேடு என்று முகம் சுளிப்பது எளிது. சுயதொழில் முனைவு என்று புகழ்வதும் எளிது. தொழிலாளி வர்க்க இயக்கத்தின் பார்வை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1956இல் இயற்றப்பட்டு, 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இன்றைய பெயரைப் பெற்றது ஒழுக்கக்கேடான தொழில் (தடுப்பு) சட்டம். வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் பாலியல் தொழில் செய்வதை மட்டுமே அது குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவது, பிறரின் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது போன்றவையே குற்றங்கள். அழைப்பதைப் பற்றிய 8ஆவது பிரிவு சன்னலிலும் மாடி முகப்பிலும் அமர்ந்திருப்பதைப் பற்றிப் பேசுகிறது. இணையத்தை அது கனவிலும் கண்டதில்லை. 4ஆவது பிரிவோ, அவ்வருமானத்தில் வாழும் வயதான தாயையும் வளர்ந்த மகனையும்கூடக் குற்றவாளிகளாக்க வல்லது. இணையப் பக்கத்திற்கோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசப் பிரிவான 67 காத்திருக்கிறது. ஆக, தொழில் குற்றமல்ல; அதைச் சுற்றியுள்ள அனைத்தும் குற்றம். இந்த இடைவெளியில்தான் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் வளர்கிறார்கள்.

இணையம் தரகரை ஒழித்துவிட்டது என்பது பாதி உண்மையே. தெருமுனைத் தரகரின் இடத்தில் விளம்பரத் தளத்தின் உரிமையாளர் அமர்ந்திருக்கிறார். பட்டியலில் பெயர் மேலே வரக் கட்டணம் வாங்குகிறார், ஆபத்தில் பங்கேற்பதில்லை. உழைப்பவருக்கோ கூலிப் பாதுகாப்பும் இல்லை, புகார் செய்ய வழியும் இல்லை. ஒருமுறை வெளியான படம் திரும்ப வருவதில்லை. அதுவே பின்னாளில் மிரட்டலுக்கான ஆயுதமாகிறது. எனினும், வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசி, ஐயத்திற்குரியவரைத் தவிர்க்கும் வாய்ப்பு இணையத்தால் கிடைத்தது என்பதையும் மறுக்கலாகாது.

அந்த வாய்ப்பைப் பறித்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சான்று. 2018 ஏப்ரலில் பேக்பேஜ் விளம்பரத் தளம் முடக்கப்பட்டது. அதே மாதத்தில் தளங்களைப் பொறுப்பாளியாக்கும் ஃபாஸ்டா-செஸ்டா சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆட்கடத்தலை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். 2021இல் அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, அச்சட்டத்தின் புதிய குற்றப்பிரிவு அதுவரை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தப்பட்டிருந்தது. விளம்பரங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு நகர்ந்தன. பல பெண்கள் மீண்டும் தெருவுக்கும் தரகருக்கும் தள்ளப்பட்டதாகப் பாலியல் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன.

இதன் பொருள், எதையும் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதன்று. சிறுவர் சிறுமியரையும் கட்டாயப்படுத்தப்பட்டோரையும் விற்பது கொடுங்குற்றம். அதில் சமரசத்திற்கு இடமே இல்லை. வறுமையும் சாதியும் வேலையின்மையும் நெருக்கும் சமூகத்தில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எல்லையுண்டு என்பதையும் மறந்துவிடலாகாது. ஆனால் அந்த நெருக்கடியை ஒழிப்பதற்குப் பதிலாக, நெருக்கடிக்கு உள்ளானவரைச் சிறையில் அடைப்பது ஆளும் வர்க்கத்தின் தீர்வு.

2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளரைக் காவல்துறை கண்ணியத்துடன் நடத்த வேண்டும், ஊடகங்கள் அவர்களின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று பணித்தது. அடையாளத்தைப் படத்தோடு பகிர்வது இணையத்தில் ஒரு நொடி வேலை. ஆகவே இந்த ஆணை அங்கேதான் மிகவும் தேவை.

வழிகாட்டும் அனுபவமும் உண்டு. 1995இல், மேற்கு வங்க இடது முன்னணி ஆட்சிக் காலத்தில், சோனாகாச்சியின் பெண்கள் உஷா கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். கந்துவட்டிக்காரரிடமிருந்து அவர்களை விடுவிக்கத் துணைநின்றது உபதேசமல்ல, அமைப்பு. கைபேசியில் தனித்தனியே சிதறிக்கிடப்போரை ஒன்றுசேர்ப்பது அதனினும் கடினம். ஆயினும் மிரட்டலுக்கு எதிரான சட்ட உதவி, அச்சமின்றிப் புகார் அளிக்கும் உரிமை, ரேஷன், மருத்துவம், மாற்று வேலை ஆகிய கோரிக்கைகளை மாதர் இயக்கமும் தொழிற்சங்கமும் கையில் எடுக்க வேண்டும். உழைக்கும் மக்களில் எவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வர்க்க ஒற்றுமையைக் கட்ட இயலாது, தோழர்களே!