வினை முடிவுறும் காலம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் இரசாயனம் பேசப் புகுந்தமை சிலருக்கு வியப்பாகலாம். பெயரளவில் இரசாயனமாயினும் இஃது உண்மையில் கணக்கு. கணக்கோ நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிக் கற்றது. ஆதலின் துணிந்து பேசுகின்றேன்.

1850-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேயத்து அறிஞராகிய வில்ஹெல்மி என்பார், கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து, அச்சர்க்கரை வேறிரு சர்க்கரைகளாகப் பிரியும் வேகத்தை ஆராய்ந்தார். கரைசலினூடே செல்லும் ஒருதளவொளி எவ்வளவு திரும்புகின்றது என்பதைக் கொண்டு, மீந்துள்ள சர்க்கரையின் அளவைக் கணித்தார். அவர் கண்டது யாதெனின், ஒவ்வொரு கணத்திலும் பிரியும் அளவு, அக்கணத்தில் மீந்துள்ள அளவுக்கேற்பவே அமையும் என்பது. இத்தகையதனை முதல் வகை வினை என்பர். வணிகம் செய்வோர் பலர் இவண் இருக்கின்றீர்கள். வட்டிக்கு வட்டி ஏறும் கணக்கைத் தலைகீழாக்கினால் இதுவே.

ஒரு வினையில் பாதிப் பொருள் சிதைய 20 நிமிடம் ஆயிற்று என்று கொள்வோம். முழுதும் சிதைய எத்துணை நேரம்? 40 நிமிடம் என்பார் பலர். அன்று. அடுத்த 20 நிமிடத்தில் மீந்த பாதியில் பாதியே சிதையும். முழு, அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம், அரைக்கால் வீசம் என்று இறங்கிச் செல்லும். ஏழாம் படியாகிய அரைக்கால் வீசம் 128-இல் ஒரு பங்கு. முதியோர்க்கு இவ்வாய்பாடு இன்னும் நாவில் நிற்கும். இளைஞர்க்கு இதன் பெயர்களும் தெரியாமற் போயின. எத்துணைப் படி இறங்கினும் இக்கணக்கிற் சூனியம் வாராது. ஆகவே, ‘எப்பொழுது முடியும்?’ என்று மட்டும் கேட்டல் போதாது. நூற்றுக்கு எத்தனை பங்கு சிதைவதை முடிவெனக் கொள்வது என்பதையும் உடன் சொல்லல் வேண்டும்.

99 பங்கு எனின் வழி எளிது. 0.693-ஐ அரைவாழ்வுக் காலத்தால் வகுத்தால் வேக மாறிலி கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது நிமிடத்திற்கு 0.0347. நூறு என்னும் எண்ணின் இயல் மடக்கை 4.605. அதனை இதனால் வகுக்க ஏறத்தாழ 133 நிமிடம். 90 பங்குக்கு 2.303-ஐ வகுக்க, 66 நிமிடத்திற்குச் சற்று மேல். ஈண்டு ஒன்று நோக்கத் தக்கது. முதல் 90 பங்கு சிதைய ஆன நேரமே, அதன்பின் வெறும் 9 பங்கு சிதையவும் ஆகின்றது. தொடக்கத்தில் இட்ட சர்க்கரை படியாயினும் ஆழாக்காயினும், செறிவு கூடினும் குறையினும், இக்காலம் வேறுபடாது.

இதனால் இல்லத்திற்கு ஆவது என்னை எனின், தாய்மார்கள் செவிசாய்க்க வேண்டுகின்றேன். குழந்தைகட்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் மருந்துத் தூளில் நீர் விட்டுக் கலக்கியதும், அந்நீரே மருந்தைச் சிதைக்கத் தொடங்குகின்றது. இச்சிதைவும் பெரும்பாலும் முதல் வகைக் கணக்கைத் தழுவுவதே. ஆனால் மருந்தின் முடிவு 99 பங்கில் இல்லை. 10 பங்கு சிதைந்தாலே காலம் கடந்ததாகக் கொள்வது பொது வழக்கு. அதற்குரிய மடக்கை 0.105, அரைவாழ்வில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே கூடிய காலந்தான். கலக்கியபின் 7 நாள், அல்லது 14 நாள் என்று சீட்டில் எழுதியிருப்பது இக்காரணம் பற்றியே. புட்டியின் மேல் அச்சிட்ட தேதி உலர்ந்த தூளுக்கு உரியது. நீர் கலந்தபின் அது செல்லாது.

சென்ற மாதம் மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்ததை இம்மாதம் இளையதற்கு ஊட்டுதல் நம் இல்லங்களில் உள்ள வழக்கம். மருந்தின் வலி குன்றியிருப்பின் கிருமி சாவாது எஞ்சுதல் கூடும். நோய் தீர்ந்ததென்று நாம் மயங்கியிருப்போம். சிக்கனம் நன்றே, இவ்விடத்தன்று.

வெப்பத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். 10 பாகை ஏறினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். குளிர்ப்பெட்டியின் 5 பாகையினின்று சித்திரை மாதத்து 35 பாகைக்கு மூன்று பத்து. இரண்டு, நான்கு, எட்டு என வேகம் பெருகும். ஆதலின் குளிரில் வைக்கும்படி சீட்டில் எழுதிய மருந்தை அடுப்பங்கரை மாடத்தில் வைத்தால், 7 நாள் என்பது இக்கணக்கின்படி ஒரு நாளினும் குறையும். கலக்கிய நாளைப் புட்டியின்மேல் அன்றே மையால் எழுதிவிடுங்கள்.