கையிருப்பும் சந்தாவும்

ஒரு தொழிற்சங்கத்தின் பணநிலை எப்படி என்று கேட்டால், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறோம். அந்தத் தொகை நம்மை ஏமாற்றிவிடும். பல ஆண்டுகளின் சந்தா வரவையும் அன்றாடச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவின் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கு 1979-இல் ஏறத்தாழ 15 லட்சம் உறுப்பினர்கள். 2009-இல் 4 லட்சம்கூட இல்லை. சந்தா சுருங்கியது; அலுவலகச் செலவு அதே அளவுக்குச் சுருங்கவில்லை. வேலைநிறுத்தத்துக்கென்று சேர்த்த நிதி துண்டு விழுந்த இடத்தை அடைத்து வந்ததால், பலவீனம் பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 2014-இல்தான், 47 ஆண்டுகளில் முதன்முறையாக, மாதச் சந்தாவை இரண்டு மணிநேரக் கூலியிலிருந்து இரண்டரை மணிநேரக் கூலியாக உயர்த்தினார்கள்.

சேர்த்த பணத்தின் வட்டியிலேயே சங்கத்தை நடத்தலாமே, தொழிலாளியின் கூலியில் ஏன் கைவைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் உறுப்பினரிடம் கேட்டு வாங்கத் தேவையில்லாத தலைமை, உறுப்பினருக்குக் கணக்குச் சொல்லும் பழக்கத்தையும் மெல்ல விட்டுவிடும் என்பது என் கருத்து. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்கச் சங்கங்கள் ஆண்டுதோறும் அரசிடம் கணக்குத் தாக்கல் செய்கின்றன. யாரும் அதைப் பார்க்கலாம். அப்படியிருந்தும் இந்தச் சங்கத்தில் சொகுசு விடுதி, கோல்ஃப், சுருட்டுச் செலவெல்லாம் மாநாட்டுச் செலவு என்ற பெயரில் ஒளிந்திருந்தன. முன்னாள் தலைவர்கள் இருவர் 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மறு ஆண்டு நீதிமன்றக் கண்காணிப்பாளர் வந்தார். தலைமையை நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கும் முறைக்கு உறுப்பினர்கள் வாக்களித்தார்கள்.

கணக்கை வெளியே காட்டினால் முதலாளிக்கு நம் பலவீனம் தெரிந்துவிடாதா? இந்த எதிர்வாதத்துக்கு இதே சங்கத்தின் 2023 வேலைநிறுத்தம் பதில் சொல்கிறது. அப்போது வேலைநிறுத்த நிதியில் இருந்தது சுமார் 82.5 கோடி டாலர்; ஊரறிந்த கணக்கு அது. மூன்று பெரிய கார் நிறுவனங்களின் ஏறக்குறைய 1,50,000 பேரும் ஒரே நாளில் இறங்கி, வாரம் ஆளுக்கு 500 டாலர் படி வாங்கினால் வாரச் செலவு 7.5 கோடி, பதினொரு வாரத்தில் நிதி காலி. மருத்துவக் காப்பீட்டைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். அதனால் செப்டம்பர் 15 அன்று மூன்றே ஆலைகளில், சுமார் 13,000 பேரோடு தொடங்கி, படிப்படியாக ஆலைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். நிறுவனங்களும் அதே கணக்கைப் போட்டிருக்கும்; இந்த வேகத்தில் நிதி தீரப் பல மாதம் ஆகும் என்று தெரிந்திருக்கும். ஆறு வாரத்துக்குச் சற்று மேல் ஆனபோது, ஒப்பந்தக் காலத்துக்குள் 25 விழுக்காடு அடிப்படை ஊதிய உயர்வுக்கு மூன்று நிறுவனங்களும் இணங்கியிருந்தன.