முதல் வேலையை எதைக்கொண்டு எடைபோடுவது?

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூருக்குப் போகும் வீதியில், வாவியை ஒட்டியிருக்கிற ஊர் தன்னாமுனை. அதே வீதியில் இன்னும் வடக்கே போனால் செங்கலடி, அதற்கு அப்பால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். 1986இல் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த அந்த வளாகத்திலிருந்து இந்த வாவிக்கரைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டம் பெற்று வந்துவிட்டார்கள். ஆனால் வீட்டில் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை: "கவர்மெண்ட் வேலை கிடைச்சிட்டா?" அது கிடைக்கும்வரை பிள்ளை எங்கே உழைத்தாலும் 'சும்மா இருக்கிறான்' என்றுதான் சொல்கிறார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் சத்தியாக்கிரகம் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிக்கவைத்த அரசு பிறகு கைகழுவக்கூடாது என்ற அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. எனக்கிருக்கும் கவலை வேறு. நியமனத்துக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்தாறு வருடங்கள்தான் ஒரு மனிதன் தொழிலை மிக வேகமாகப் பழகிக்கொள்ளக்கூடிய வருடங்கள். முதல் வேலையை அது யாருடைய வேலை என்று பார்த்து எடைபோடுகிறோம். அது நமக்கு என்ன பழக்கித் தருகிறது, அதில் நம் சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதே சரி என்பது என் வாதம்.

இதற்குச் சான்று அரச ஊழியர்களிடமிருந்தே கிடைக்கிறது. பிரித்தானிய அரச ஊழியர்களை வைத்து 1967இல் 'வைட்ஹோல்' ஆய்வு தொடங்கியது. ஏறக்குறைய 18,000 ஆண்களின் உடல்நலத்தைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பசி பட்டினி இல்லாத, வேலை நிரந்தரமான மனிதர்கள்தான் எல்லோரும். ஆனாலும் பதவிப்படியில் கீழே போகப் போக இறப்பு வீதம் ஏறிக்கொண்டே போனது. 1985இல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார் ஆய்வாளர் மைக்கல் மாமொட். தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகமாக வருவதை அது காட்டியது. நிரந்தரம் இருந்தும் மனமும் உடலும் தேய்ந்துபோகலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம்மூர் நிலைமைக்கு வருவோம். 2020இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளை அரசு பயிலுனர்களாகச் சேர்த்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அவர்களில் பலர் பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்களானார்கள். அவர்களிடையே ஊருக்குள் இறங்கி உண்மையாக உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் மரியாதை. ஆனால் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து, வருகிற படிவத்தை நிரப்பி, போகிற படிவத்துக்கு இலக்கமிட்டு, பின்னேரம் கையொப்பம் வைத்துவிட்டுப் போகிற அலுவலகத்தில் சேர்கிற இளைஞருக்கு அந்த வேலை எதைப் பழக்கும்? இதே வீதியோரத்து மோட்டார் சைக்கிள் கராஜ் ஒன்றைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் மாதங்களில் நட்டுக் கழற்றுவதும், அழுக்கேறிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும்தான் வேலை. கழுவக் கழுவ எந்தப் பாகம் எங்கே தேயும் என்பது அவனுக்குத் தெரியவருகிறது. கொஞ்சக் காலம் போனதும் காபரேட்டரைத் தனியே கழற்றிப் பூட்டுகிறான். பிழையாகப் பூட்டினால் அன்று பின்னேரமே வண்டி திரும்பி வரும். எங்கே பிழை என்று முதலாளி காட்டிக்கொடுப்பார். ஒரு வருடத்தில், வண்டி வாசலுக்கு வரும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுகிறான். தன் கைக்கு ஒரு காரியம் அடங்கிவிட்டது என்று உணர்கிறானே, தொழிலில் வரும் திருப்தி அங்கேதான் பிறக்கிறது. தொழிலைப் பழகுவதற்கு முன்பே விருப்பம் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை மாறி அலைகிறார்கள்.

"பென்சனை யார் தருவார்?" என்று கேட்பீர்கள். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. உறுதியான வருமானம் தேடுவதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, நிரந்தரச் சம்பளம் வாங்கியவர்களின் அடுப்பும் தடுமாறியது. அந்த வருடம் அரசே தன் ஊழியர்களுக்கு, சம்பளமில்லா விடுப்பில் ஐந்து வருடம்வரை வெளிநாடு போய் உழைக்கலாம் என்று வழிவிட்டது. அப்படிப் போய் நல்ல வேலை தேடிக்கொள்ள உதவுவது கைத்தொழிலோ மொழியோ, ஏதாவது ஒரு திறன்தானே? கராஜில் பழகியதற்குப் பத்திரம் இல்லை என்ற கவலையும் பழசாகிவிட்டது. தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. நாலாம் மட்டம் தனித்து வேலை செய்யக்கூடிய தொழிலாளிக்கு உரியது, ஏழாவது பட்டத்துக்கு நிகர். வகுப்பில் படிக்காதவர்கூட, அனுபவத்தில் பழகிய தொழிலைச் செய்துகாட்டித் தகைமை பெற வழி உண்டு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 'பழக்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளின் உழைப்பை உறிஞ்சுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கோ, இரவு பஸ்ஸும் பாதுகாப்பும் இல்லாமல் பல வேலைகளின் கதவே மூடிக்கிடக்கிறது. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் தனியார் வேலைக்கு அனுப்பும் குடும்பங்களும் அரச வேலைக்குக் காட்டும் அதே கவனத்தை அங்கேயும் காட்ட வேண்டும். கடையிலோ கந்தோரிலோ சேர்கிறவருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அந்தக் கடிதத்தைச் சேரும் நாளிலேயே கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்த காசும் முதலாளியின் பங்கும் ஒழுங்காகக் கணக்கில் சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலையில் இருக்கிறவரே நேரில் போய் முறையிடத் தயங்கினால், வீட்டில் மூத்தவர் ஒருவர் கூடப் போகட்டும்.