கண் படிக்கும் முன் காது படிக்கட்டும்



முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பாடநூலைத் திறந்து கடகடவென்று வாசிக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதே பாடத்தில் உள்ள ஒரு சொல்லைத் தனித்தாளில் எழுதிக் காட்டினால் பிள்ளை விழிக்கிறது. அது வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்து மனப்பாடத்தை ஒப்புவித்தது. படமில்லாத நீண்ட பாடங்கள் வரும்போது உண்மை வெளிப்படும். அப்போது அந்தப் பிள்ளைக்கு 'மக்கு', 'சோம்பேறி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பல வேளைகளில் குறை அறிவில் இல்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்க அதன் காது பழகவில்லை.

இந்தப் பழக்கத்திற்குப் பெயர் ஒலி விழிப்புணர்வு. எழுத்து தெரிவது வேறு, இது வேறு. கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

இது தானாக வந்துவிடுமா? 1974ஆம் ஆண்டில் இசபெல் லிபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் பிள்ளைகளை மேசையில் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் சொல்லின் அசைகளைச் சரியாகத் தட்டினர். ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே தட்ட ஒருவராலும் முடியவில்லை. முதலாம் வகுப்பின் முடிவில் அசையை 90 விழுக்காட்டினரும், தனி ஒலியை 70 விழுக்காட்டினரும் தட்டினர். அசை முதலில், தனி ஒலி பிறகு. இதுதான் இயற்கையான வரிசை.

ஆகவே தொடக்கம் கைதட்டல். தோ-சை, இரண்டு தட்டு. மு-றுக்-கு, மூன்று தட்டு. அடுத்து, மரம், மலை, கடல், மயில் என்று சொல்லி, சேராத சொல் எது என்று கேளுங்கள். நம் முன்னோர் மோனை, எதுகை என்று வைத்தது இதே காதுப் பயிற்சியைத்தான். பிறகு 'பால்' என்பதில் முதல் ஒலியை மாற்றி 'கால்', 'வால்' என்று விளையாடலாம்.

தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 'அம்மா' என்பதற்குத் தட்டு இரண்டு, எழுத்தோ மூன்று. நடுவிலுள்ள மெய்யைக் காது பிடிக்காததால்தான் 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதுகிறார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கல்-கால், மலை-மாலை என்று சொல்லும்போது கையைக் குறுக்கியும் நீட்டியும் காட்டினால் அந்த அளவு பிள்ளைக்குப் புலப்படும்.

மற்றொன்று, உயிர்மெய். 'இக்' கூட்டல் 'அ', 'க' என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது 'இக்-அ'. அதில் 'க' எங்கே இருக்கிறது? 'இ' என்பது மெய்யை உச்சரிக்க வைத்த ஊன்றுகோல் மட்டுமே. எனவே இழுத்துச் சொல்லக்கூடிய மெய்யில் தொடங்குங்கள். 'ம்ம்ம்... ஆ... மா'. 'ல்ல்ல்... ஆ... லா'. ஒட்டுவது காதுக்குப் புரிந்த பிறகு க், ட், ப் ஆகியவற்றுக்கு வரலாம். 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 ஆகும் சூத்திரம் பிடிபட்டால், மனப்பாடச் சுமை பெரிதும் குறையும். உகர, ஊகார வடிவங்களை மட்டும் தனியே பழக்க வேண்டியிருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு மொழிகள் மூன்று. மலாயில் காலைப் பொழுதைக் குறிக்கும் சொல்லையும், பங்கிடுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி'தான். மலாயில் முதல் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. 'பல்' என்ற சொல்லையும் 'கம்பம்' என்ற சொல்லையும் உச்சரித்துப் பாருங்கள். அந்த இரண்டு ஒலியும் தமிழிலேயே இருக்கின்றன, எழுத்துதான் ஒன்று. இதைத் தமிழில் கேட்டுப் பழகிய காது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் உதவும். தமிழ் படித்தால் மற்ற மொழி கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விளையாட்டோடு நின்றுவிடக் கூடாது. 1983ஆம் ஆண்டில் பிராட்லி, பிரையண்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையாண்ட பிள்ளைகளே வாசிப்பில் முந்தினர். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் அதையே சொன்னது. சிறு குழுவாகப் பயிற்றுவது நல்ல பலன் தரும் என்றும் குறிப்பிட்டது. ஒலியைக் கேட்டவுடன் அதன் எழுத்தட்டையைக் கையில் கொடுங்கள்.

இதற்குத் தனி டியூஷன் தேவையில்லை. பள்ளிக்குப் போகும் காரில், சமையலறையில், பாட்டியின் மடியில் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதலாம் ஆண்டு முடியும்போதும் முதல் ஒலியைச் சொல்லத் திணறும் பிள்ளையை அடிக்காதீர்கள். முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள்; ஆசிரியரிடம் பேசுங்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலருக்கும் இதே இடத்தில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் உதவ முடியும். 'மக்கு' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு, பிள்ளைக்கு எழுத்தோடு சேர்த்துத் தன்னம்பிக்கையையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்றிரவே பிள்ளையின் பெயரைச் சொல்லி, சேர்ந்து கைதட்டிப் பாருங்கள்.