பால்மரம் வைத்திருந்த கணக்கு



மலாக்கா நகருக்கு வந்தால் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிள்ளையார் கோயில் இருக்கிறது. மலாக்கா செட்டி சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டி, டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுப்பியது. அந்தப் பிள்ளையாரின் பெயர் பொய்யாத விநாயகர். சின்ன வயதில், பொய் சொல்லாத பிள்ளையார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாதான் திருத்தினார். "மழை பொய்ச்சிடுச்சுன்னு சொல்றோமே, மழை என்ன வாயத் திறந்து பொய்யா சொல்லுச்சு? வர வேண்டிய நேரத்துல வரல. அதுதான் பொய்" என்றார்.

வேலையில் நம்பகத்தன்மை பற்றிப் பேசுங்கள் என்று எனக்கு இன்று 12 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா சொன்ன அந்த ஒரு வரியே போதும் என்று வானொலி நிலையத்தில் சொல்லிப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஜாசினுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தேன். 1981-இல் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பல இளைஞர்களை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறேன். எல்லாரும் "நான் பொறுப்பானவன்" என்று சொல்வார்கள். இல்லை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்பதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் அது.

ரப்பரை வாணிபப் பயிராக இந்த நாட்டில் முதன்முதலில் நட்ட ஊர்களில் நம் மலாக்காவும் ஒன்று. டான் சாய் யான் என்பவர், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் ஆசாகானில் இன்னும் பெரிய அளவில். அந்தக் காலத்தில் எல்லாரும் காப்பியும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் டான் சாய் யான். நட்ட கன்று பால் கொடுக்க ஐந்து, ஆறு, ஏழு வருடம் ஆகும். அத்தனை வருடமும் காசைப் போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

மரம் காத்திருந்து வளர்ந்தது. அதை வெட்ட நம் ஆட்கள் வந்தார்கள். கங்காணி கூட்டிவந்த கதையை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கத்தியைப் பற்றி.

பால் வெட்டுவதை நேரில் பார்க்காத இளைய நேயர்கள் இப்போது அதிகம். தோட்டமெல்லாம் செம்பனையாகிவிட்டது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் மரக்கட்டைக்குள் இல்லை, பட்டையில் இருக்கின்றன. பட்டைக்கு அடியில், கட்டையை ஒட்டி, மரம் வளர்கிற மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அந்தப் படலத்தைத் தொடவே கூடாது. தொட்டால் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். அதற்கும் மேலே நின்றால் பால் குறையும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக, பாதி மரத்தைச் சுற்றி, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சீவல். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் பட்டை போகும்.

இதை எப்போது செய்கிறார்கள்? விடிவதற்கு முன்னால். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துவிடும், குழாய்களில் அழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும். அதனால் நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், கொசுவுக்கும் அட்டைக்கும் நடுவில், ஒரு காலையில் 500 மரத்துக்கு மேல். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான், அவருடைய நிரையில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் எங்கேயோ இருப்பார். தோட்டத்து நிர்வாகி, துரை, இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரத்துக்கு வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, பெயரை அடித்துவிடுவார்கள். அது பயம். பயத்தில் வருவதை நான் பெரிய குணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இருட்டில், ஆளில்லாத நிரையில், 400-ஆவது மரத்தில், தோள் வலிக்கும்போது, அந்த ஒரு மில்லிமீட்டரில் கத்தியை நிறுத்துவது யாருக்குப் பயந்து?

மரத்துக்குத்தான் என்று சொல்லலாம். வெட்டிய பட்டை மறுபடி வளரும். பல வருடம் கழித்து அதே இடத்துக்குக் கத்தி திரும்பி வரும். அப்போது பழைய வெட்டு எப்படி இருந்தது என்பது அப்படியே தெரிந்துவிடும். எங்கள் தோட்டத்து மண்டோர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவுவார். "இங்க வேற ஆளு வெட்டியிருக்கான்" என்பார். "இது தீபாவளிக்கு முந்தின வாரம், அவசரத்துல வெட்டுனது" என்று ஒரு தடவை சொன்னார். அது கொஞ்சம் அளப்பாகவும் இருக்கலாம். நேயர்களே, மண்டோர்கள் அளப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அம்மாவின் மரங்களை அவர் தடவிப் பார்த்து நான் கண்டதில்லை. நேராக அடுத்த நிரைக்குப் போய்விடுவார். சோதிக்காமல் விடுவதை விடப் பெரிய சான்றிதழ் எந்த வேலையிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாலிலும் கணக்கு உண்டு. வாளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி நீர். காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால் வாளியில் பாலின் அடர்த்தியைக் காட்டும் மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். வழியில் ஓடைத் தண்ணீரைக் கலந்தவர் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு சின்னக் கதை, இதைச் சொல்லாமல் போக முடியாது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்க. நான் தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னை ஏற்றிப்போகும் பேருந்து புதிய நேரத்துக்குச் சரியாக வந்து நின்றது. வானம் மட்டும் முன்பைவிட இருட்டு. அம்மா வாசலில் நின்று, "கடிகாரத்துக்குச் சொல்லிட்டாங்க, மரத்துக்கு யாரு சொல்றது?" என்றார். எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணியை அரை மணி பின்னுக்குத் தள்ளித்தான் அடித்தார்கள். ஒரே வீட்டில் அம்மா சூரியனுக்கும் நான் தொழிற்சாலைச் சங்குக்கும் வேலை செய்தோம்.

சொன்ன நேரம் தவறாத இந்தப் பழக்கம் மரம் வெட்டுவதோடு நின்றுவிடவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளி. மழை பெய்தால் வெட்டு இல்லாத, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லாத மக்கள் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. தவணை தவறாத கைகள் வாங்கிய தோட்டம் அது. எங்கள் அம்மா தன் பங்குப் பத்திரத்தைத் துணியில் சுற்றி, சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

நேரம் போகிறது. தொழிற்சாலைக் கதைக்கு வருகிறேன், இல்லையென்றால் தலைப்பைத் தொடவில்லை என்பார்கள்.

எங்கள் பிரிவில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் இயந்திரங்கள் இருந்தன. ஒரு ஆள் வராவிட்டால் ஓர் இயந்திரம் நிற்கும், அதற்கு அடுத்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது கைத்தொலைபேசி ஏது? தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீசில் மட்டும்தான். எங்களோடு ஒரு பெண் வேலை செய்தாள், அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். வர முடியாத நாட்களில் விடியற்காலை சாலை வரைக்கும் நடந்து வந்து, பேருந்து ஓட்டுநரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். சீட்டில் இரண்டு வரி இருக்கும். முதல் வரி, மகனுக்குக் காய்ச்சல், இன்று வர இயலாது. இரண்டாவது வரி, நேற்றைய தட்டு ஒன்று என் மேசையில் சோதிக்காமல் இருக்கிறது, நல்லதோடு சேர்த்துவிட வேண்டாம்.

அந்த இரண்டாவது வரியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளைவிட வேகமான கைகள் அங்கே இருந்தன. அவளுக்கு விடுப்பும் மற்றவர்களைவிட அதிகம்தான், பிள்ளை அடிக்கடி நோயில் விழும். ஆனாலும் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோது நான் அவள் பெயரைத்தான் எழுதினேன். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத சிலருக்கு என்மேல் கோபம் இருந்தது. அவர்கள் இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் அக்கா நான் அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி என் குட்டு ஒன்று. மேற்பார்வையாளரான புதிதில் ஓர் அவசரச் சரக்கு. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மேலாளர் கேட்டார். முடியாது என்று எனக்குத் தெரியும், இரண்டு இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது, "முடியும் சார்." வியாழக்கிழமை வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சரக்கு போகவில்லை. மேலாளர் திட்டவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்: "திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் வேறு பிரிவில் போட்டிருப்பேனே, ஏன் சொல்லவில்லை?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏன் சொல்லவில்லை? தோட்டத்தில் துரையிடம் "முடியாது" என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. "சரிங்க ஐயா" மட்டும்தான் கேட்டு வளர்ந்தேன். யாரும் சொல்லாமலே நேரத்துக்கு வருவது, கையைச் சுத்தமாக வைத்திருப்பது, பாலில் தண்ணீர் கலக்காதது, இதையெல்லாம் தோட்டம் எங்களுக்குக் கொடுத்தது. "முடியாதுங்க" என்று முன்கூட்டியே சொல்லும் தைரியத்தை மட்டும் அது எடுத்து வைத்துக்கொண்டது. நம் பிள்ளைகள் பலர் இன்றைக்கும் வேலையிடத்தில் கெட்ட பெயர் வாங்குவது சோம்பலால் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து வேலைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு மூன்றை முடிப்பதால் வாங்குகிறார்கள். பயந்த "சரிங்க"வும் ஒரு பொய்தான், பொய்த்த மழை மாதிரி.

பெற்றோர்களே, பிள்ளைகளை அடக்கமாக வளர்க்கிறோம் என்று இந்தச் "சரிங்க"வை நீங்களும் வளர்க்காதீர்கள். இது என் கெஞ்சல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். குறித்து வந்ததில் பாதி அப்படியே இருக்கிறது. பெரட்டு, பட்டை, சீட்டு, மூன்றையும் சொல்லிவிட்டேன், போதும். எங்கேயாவது பழைய பால்மரம் ஒன்று மிச்சம் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதன் பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். யார் வெட்டியது என்று பெயர் தெரியாவிட்டாலும், எப்படி வெட்டினார்கள் என்பது விரலுக்குத் தெரியும்.

அப்புறம், நாளைக் காலை வேலைக்குப் போக முடியாது என்று உங்களில் யாருக்காவது இப்போதே தெரிந்தால், இந்த நிகழ்ச்சி முடிந்ததும் மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இரண்டாவது வரியையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.